ஆந்தைக் காசும் ஆற்றுக் காசும்

என் மேசையின் மேல் இரண்டு காசுகள் இருக்கின்றன. ஒன்றில் ஆந்தை. மற்றொன்றில் ஆனை இருந்திருக்கலாம். ஆந்தைக்கு நான் கொடுத்த விலை நாலாயிரம் ரூபாய்; அது என் ஒன்றரை மாதச் சாப்பாட்டுப் பணம். ஆனைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆந்தை பொய்க் காசு என்று தெரிந்தபோது ஒரு வாரம் வருந்தினேன், பிறகு மறந்தேன். ஆனையை நினைக்கும்போதோ இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. பழங்காசு சேர்க்கும் ஆசை நம் மாணவ நண்பர் சிலரிடம் தலைகாட்டி வருகின்ற இந்த வேளையில், அந்த உறுத்தலை மறைக்காமல் எழுதுவது நல்லது எனக் கருதுகிறேன். என்னோடு மாறுபடுவோர் உளர் என்பதையும் அறிவேன். என் அறையிலேயே இருவர் உளர்.

நான் தங்கியிருப்பது கோந்த்வாவில். புணே நகரின் தெற்கு விளிம்பில் வயலும் பாறையுமாகக் கிடந்து, இன்று மாடிமேல் மாடியாக எழுந்து நிற்கும் பகுதி அது. அங்கே ‘கடி மெஷின் சௌக்’ என்று ஒரு நாற்சந்தி. புதிதாக வந்த தமிழ் நண்பர் ஒருவர் அதைக் கதர்க்கடை என்று எண்ணிக்கொண்டு வேட்டி வாங்கப் புறப்பட்டார். ‘கடி’ என்றால் மராத்தியில் சரளைக்கல். கல் உடைக்கும் இயந்திரத்தால் வந்த பெயர் அது! வங்கி அதிகாரிகளுக்குப் பயிற்சியளிக்கும் தேசிய வங்கி மேலாண்மை நிறுவனமும் கோந்த்வாவில்தான் இருக்கிறது. பணத்தைப் பற்றிப் படிக்கும் இடத்துக்குப் பக்கத்திலே குடியிருந்துகொண்டு நான் பொய்ப் பணத்தை விலைக்கு வாங்கினேன் என்பதை என் அறைத் தோழர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பணமும் விலங்கும் பழைய நண்பர்கள். உங்கள் சட்டைப் பையிலுள்ள ரூபாய்த் தாளை எடுத்து ரிசர்வ் வங்கியின் முத்திரையைப் பாருங்கள். பனைமரத்தருகே ஒரு புலி நிற்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் இரட்டை மொகரா என்னும் பொற்காசில் இருந்தது சிங்கமும் பனையும். அதைப் பார்த்து முத்திரை வகுத்தவர்கள், சிங்கத்தைத் தள்ளிப் புலியை அமர்த்தினார்கள். நாடு குடியரசான 1950-இல் வெளிவந்த காசுகளிலோ பைசாவில் குதிரை ஓடிற்று. அணாவில் காளை நின்றது. அரசன் தலைக்குப் பதில் விலங்கைப் பொறிப்பது நமக்குப் புதிதன்று, உலகுக்கும் புதிதன்று.

கிரேக்கர் இதில் வல்லவர். அவர்களுடைய நாடு ஒரே நாடாக இருக்கவில்லை. ஊருக்கு ஊர் ஓர் அரசு, அரசுக்கு ஒரு காசு. எழுத்தறியாதவனும் இது எந்த ஊர்ப் பணம் என்று அறிய வேண்டுமே! ஆகவே ஊருக்கு ஒரு சின்னம். ஏதென்ஸ் நகரத்துக்கு அதீனா தேவியின் ஆந்தை. எபேசஸுக்குத் தேனீ. கொரிந்துக்குச் சிறகு முளைத்த குதிரை. சிசிலித் தீவிலிருந்த அக்ரகாஸ் நகரத்துக்கு ஒருபுறம் கழுகு, மறுபுறம் நண்டு. அந்த நண்டைப் படத்தில் பார்த்தாலும் போதும், நாகப்பட்டினத்துக் கடற்கரை நினைவுக்கு வரும், அத்தனை உயிர்ப்பு! ஏஜினா என்ற சிறு தீவு கடலாமையைப் பொறித்தது. பின்னர் அக்காசுகளில் கடலாமை மறைந்து தரையாமை வந்தது. கடலாட்சியை ஏதென்ஸிடம் பறிகொடுத்தபின் ஆமையும் கரையேறிவிட்டது என்று சுவையாகச் சொல்வோர் உண்டு. உண்மைக் காரணம் எதுவாயினும், காசின் மேலிருந்த விலங்கு அழகுக்காக வரைந்த பொம்மையன்று. அது ஓர் ஊரின் கையெழுத்து. இதை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான்.

ஆந்தைக் காசைப் பழைய பொருள் விற்கும் ஒருவர் கோந்த்வாவில் என் அறைக்கே கொண்டுவந்து காட்டினார். கறுத்த வெள்ளி, பெரிய கண்களோடு ஆந்தை, பின்னால் ஒலிவக் கிளை, பக்கத்தில் மூன்று கிரேக்க எழுத்துக்கள். “எங்கே கிடைத்தது?” என்று கேட்டேன். “வடக்கே” என்றார். வடக்கு என்பது பெரிய திசை அல்லவா? ஆனால் கண் மயங்கியவனுக்குக் காது கேட்பதில்லை. பேரம் பேசி வாங்கினேன்.

மறுவாரம் நகைக்கடைத் தராசில் வைத்தபோது பதினான்கு கிராமும் தேறவில்லை. ஏதென்ஸின் நான்கு திராக்மக் காசு 17 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். தேய்ந்தாலும் மூன்று கிராம் தேயாது. கடைக்காரர் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது அடித்த காசு இல்லை, வார்த்த காசு” என்றார். விளிம்பில் மெல்லிய கோடு ஒன்று ஓடிற்று. இரண்டு அச்சுப்பாதிகள் சேர்ந்த இடம் அது. கிரேக்கர் காசை வார்க்கவில்லை. சூடேற்றிய வெள்ளித் துண்டை இரண்டு அச்சுகளுக்கு இடையில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார்கள். அடித்த காசில் உலோகம் வெளிநோக்கி வழிந்த தடம் தெரியும், விளிம்பு வெடித்திருக்கும். வார்த்த காசில் சிறு சிறு குழிகள் இருக்கும். எழுத்து வழுவழுவென்று மழுங்கியிருக்கும். இவ்வளவையும் அந்தத் தட்டார் கால் மணி நேரத்தில் கற்றுத் தந்தார். கட்டணம் நாலாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.

இந்தக் கதை பெரிதன்று. பழங்காசு வாங்குவோர் எல்லோரிடமும் இப்படி ஒரு கதை உண்டு. பெரிய கதை மற்றொரு காசினுடையது.

என் தாய்மாமா கரூரில், பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையொன்றில் வேலை பார்த்தவர். பழைய வஞ்சி மாநகர் இதுவே என்று அறிஞர் பலர் கொள்ளும் ஊர் கரூர். அமராவதி ஆற்று மணலை அலசிப் பார்க்கிறவர்களுக்கு அங்கே பழங்காசு கிடைப்பது புதுமையன்று. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது மாமா ஒரு செப்புக் காசைக் கொண்டுவந்து, “இந்தாடா, ஆத்துல கிடைச்சது, வெச்சுக்கோ” என்றார். பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஒருபக்கம் விலங்கொன்றின் உருவமும், அதன் மேலே சில கீறல்களும் தெரிந்தன. கீறல்களா, எழுத்துக்களா? அந்த வயதில் எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. குத்துவிளக்கை விளக்குவது போல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அம்மாகூட, “நல்லாப் பளபளன்னு வந்திருக்கே” என்றார். வந்தது பளபளப்பு, போனது மேற்பரப்பு முழுவதும்.

புணேக்கு வந்தபின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டமுமில்லை, சதுரமுமில்லை, ஆறு மூலைகளை உருட்டிவிட்டிருந்தது. தடித்த இரண்டு கால்கள், வளைந்த முதுகு, அவ்வளவுதான் எஞ்சியிருந்தன. ஆனை என்று சொல்லலாம். ஆனால் யாருடைய ஆனை? சேரர் ஆனையா? பாண்டியர் ஆனையா? சந்திரகுப்த மௌரியனிடமிருந்து 500 ஆனைகள் பெற்றானே செலூக்கஸ், அவனும் அவன் வழிவந்தோரும் செப்புக் காசில் பொறித்த ஆனையா? “எழுத்து இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன்” என்றார் பேராசிரியர். சற்று நேரம் கழித்து, “எழுத்து இருந்ததா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

‘செலூக்கஸ் காசு கரூருக்கு எப்படி வரும்?’ என்று நகைக்காதீர்கள். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்து 2021-இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, அதே அமராவதி ஆற்றுக் காசுகளைப் பல்லாண்டு தேடி வாங்கி ஆராய்ந்தார். ரோட்ஸ், கிரீட் தீவுகளிலும், திரேஸ், தெசலி நாடுகளிலும் அடித்த கிரேக்கக் காசுகள் அவற்றில் இருந்தன. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகளைப் பற்றி அவர் 1994-இல் நூல் எழுதினார்; கரூரில் கிடைத்த பிற அயல்நாட்டுக் காசுகளுக்கும் தனி நூல் எழுதினார். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த குதிரைக் காசை 1980-களில் உலகறியச் செய்தவரும் அவரே. அதற்கு முன் ‘சங்க கால மன்னர் காசு அடித்ததில்லை’ என்று துணிந்து கூறியவர்கள் உண்டு. அந்தச் சிறு குதிரை ஒரே தாவலில் அவர்கள் வாதத்தைத் தாண்டிவிட்டது.

அந்தக் குதிரையின் எழுத்தின்மேல் யாரேனும் புளி தேய்த்திருந்தால்? நண்பர்களே, இதை எண்ணித்தான் எனக்கு உறக்கம் கெடுகிறது.

இப்போது உரோமர் பக்கம் வருவோம். விலங்குக் காசு சேர்ப்போர்க்கு உரோமும் ஒரு பெரிய காடு. இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய். ஜூலியஸ் சீசர் கி.மு. 49-இல் வெளியிட்ட ஆனை. எகிப்தை வென்ற அகஸ்டஸ் பொறித்த முதலை. உரோம் நகரத்தின் ஆயிரமாவது ஆண்டுவிழாவைக் கி.பி. 248-இல் கொண்டாடிய பிலிப்பு மன்னனின் காசுகளிலோ சிங்கம், மான், நீர்யானை என ஒரு விலங்குக்காட்சிச் சாலையே நடக்கிறது. இவற்றின் படங்களைப் பார்த்துவிட்டு, ‘நம் ஊரில்தான் உரோமக் காசு குடம் குடமாகக் கிடைத்ததே, அதிலிருந்து இவற்றைப் பொறுக்கிவிடலாம்’ என்று நானும் ஒரு காலத்தில் கனாக் கண்டேன். உண்மை வேறு. கொங்கு நாட்டிலும் மற்ற இடங்களிலும் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பான்மை இரண்டே வகை. ஒன்று, அகஸ்டஸும் அவன் பெயரர் இருவரும் உள்ளது. மற்றொன்று, திபேரியஸும் அமர்ந்த பெண்ணுருவும் உள்ளது. ஆனையுமில்லை, முதலையுமில்லை.

ஏன்? மிளகு விற்றவன் அழகு பார்க்கவில்லை, எடை பார்த்தான். பழகிய முகம், நம்பிய வெள்ளி. நம் பாட்டிமார் விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாயைத் தவிர வேறு வெள்ளியை நம்பாதது போலத்தான். இலங்கை மன்னன் ஒருவன், தலைகள் வெவ்வேறாக இருந்தும் உரோமக் காசுகளின் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு வியந்தான் என்று பிளினி எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா விழுங்குகிறது என்று புலம்பியவரும் அவரேதான். புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைமேல் உளியால் குறுக்கே வெட்டியிருக்கிறது. உரோமாபுரி வேந்தனாயினும் என்ன? எங்கள் ஊரில் நீ வெறும் பொன் என்று சொல்வது போல் இல்லையா அந்த வெட்டு!

அது எப்படித் தெரிந்தது? 501 காசுகளும் ஒரே இடத்தில், ஒரே புதையலாகக் கிடைத்தன. அப்படியே எண்ணி எழுதி வைத்தார்கள். அதனால் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து ஒவ்வொருவர் பெட்டியில் வைத்திருந்தால், வெட்டுப்பட்ட காசு, பழுதுபட்ட காசு என்று விலை குறைத்திருப்பார்கள், வேறொன்றும் விளங்கியிராது. எந்த வகைக் காசு எங்கே கிடைத்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், ‘தமிழகத்துக்கு வந்தவை இரண்டே வகை’ என்ற உண்மையும் நமக்குத் தெரிந்திராது.

என் கருத்து இதுதான். கிரேக்க, உரோம விலங்குக் காசின் அழகில் மயங்குவது குற்றமன்று. நானும் மயங்கினவன்தான், இன்னும் மயங்குகிறவன்தான். ஆனால் ஊர் தெரியாத காசை, ‘வடக்கே கிடைத்தது’ என்கிற காசை, மாணவன் விலை கொடுத்து வாங்கலாகாது. பொய்யாக இருந்தால் பணம் போயிற்று. மெய்யாக இருந்தாலோ அதைவிடக் கேடு. யாரோ ஒருவன் எங்கோ ஒரு மேட்டைத் தோண்டி, காசைப் பொறுக்கிக்கொண்டு, அதோடு கிடந்த பானையோட்டையும் மணியையும் எலும்பையும் வீசியெறிந்திருக்கிறான். அடுத்த மேட்டைத் தோண்ட அவனுக்குக் கூலி கொடுத்தவர் நாமாகிறோம்.

அறைத் தோழர் ஒருவர் இதை எதிர்க்கிறார். “கிருஷ்ணமூர்த்தி வாங்கியதும் ஆற்றில் பொறுக்கிய காசுதானே? அவர் வாங்காதிருந்தால் உருக்கியிருப்பார்கள். சேர்ப்பவன்தான் காப்பவன்” என்கிறார். வலிமையான வாதம், நான் மறுக்கவில்லை. ஆற்று வெள்ளம் புரட்டிப் போட்ட காசில் அடுக்கும் படிவும் முன்னரே கலைந்துவிட்டன. அங்கே சேர்ப்பவன் காப்பவன்தான். ஆனால் அவர் வாங்கியதோடு நின்றாரா? எடை போட்டார், படமெடுத்தார், இன்ன ஆற்றில் கிடைத்தது என்று எழுதினார், அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுத்தார். தோழரின் அலமாரியில் பதினேழு காசுகள் இருக்கின்றன. ஒன்றுக்கேனும் ஊர் உண்டா என்று கேட்டேன். பேச்சைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிட்டார்.

சட்டமும் ஒன்று சொல்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது. பத்து ரூபாய்! அன்று அது பெரும்பணம். இன்று கோந்த்வாவில் ஒரு கட்டிங் சாயா.

பணமில்லாத மாணவனுக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் இந்த ஊரிலேயே. சாலையிலும் புகைவண்டியிலும் எளிதில் போகக்கூடிய கார்லாக் குகைக்குச் சென்று பாருங்கள். யவனர் கொடுத்த தூண் இது என்று கல்லில் எழுதியிருக்கிறது. அகநானூறு பாடும் யவனர், பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற அந்த யவனர், இங்கே தூண் நட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பரூச் துறைமுகத்தில், கிரேக்க எழுத்துப் பொறித்த அப்பலோதோதஸ், மெனாந்தர் காசுகள் தம் காலத்திலும் புழங்கியதாகப் பெரிப்ளஸ் என்னும் கடற்பயண நூல் சொல்கிறது. அப்பலோதோதஸ் என்ற அந்தக் கிரேக்க மன்னனின் சதுர வெள்ளிக் காசில் ஒருபுறம் ஆனையும் கிரேக்க எழுத்தும், மறுபுறம் திமில் காளையும் கரோஷ்டி எழுத்தும். மெனாந்தர் காசு ஒன்றிலோ அதே ஏதென்ஸ் ஆந்தை! ஏஜியன் கடலிலிருந்து பஞ்சாபு வரை பறந்து வந்த ஆந்தையை அருங்காட்சியகத்திலும் நல்ல நூல்களிலும் காணலாம்; நாலாயிரம் ரூபாய் வேண்டாம். இந்த மராத்திய மண்ணை ஆண்ட சாதவாகனரின் வெள்ளிக் காசில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் தமிழும் இருக்கின்றன என்று அறிஞர் படித்திருக்கிறார்கள். வாடகை வீடு தேடும்போது ‘மதராசியா?’ என்று கேட்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு ஆசை. இதுவரை துணிவு வரவில்லை.

எல்லாம் நம்மிடமிருந்தே போயின என்று மேடை முழக்கம் செய்ய நான் வரவில்லை. மாக்கோதையின் காசிலுள்ள தலை உரோமர் தலைக்காசைப் பார்த்துக் கற்ற கலை என்றே பலர் கருதுகின்றனர். கற்றதில் இழுக்கு என்ன? ஆயினும் ஆனையும் குதிரையும் காளையும் புலியும் மீனும் நம் மூவேந்தர் செப்புக் காசுகளில் உலவுவதை அறியாமல், அக்ரகாஸ் நண்டுக்கு ஏங்குவது விந்தையாகப் படுகிறது. அந்தச் செப்புக் காசுகள் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. பூசையறைக் கிண்ணத்தில், பரணையில், பாட்டியின் சுருக்குப்பையில்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் சங்கத்து நண்பர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள், துணியால்கூடத் துடைக்காதீர்கள். இருபக்கமும் படமெடுங்கள்; பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். நகைக்கடையில் எடை போடுங்கள். யார் கொடுத்தார், எந்த ஊரில், ஆற்றிலா, வயலிலா, கிணறு தோண்டும்போதா என்று எழுதிக்கொள்ளுங்கள். காசு வீட்டிலேயே இருக்கட்டும். குறிப்பு மட்டும் இங்கே வரட்டும். ஒரு நோட்டுப்புத்தகம் நான் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் ஆற்றுக் காசை எழுதியாயிற்று: செம்பு, 2.6 கிராம், கரூர், அமராவதி ஆறு. விலங்கு என்ற இடத்தில் ‘ஆனை?’ என்றும், எழுத்து என்ற இடத்தில் ‘அழிக்கப்பட்டது’ என்றும் எழுதினேன். அழித்தவர் யார் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் என் பெயரை எழுதி வைத்தேன்.

சென்ற வாரம் மாமாவோடு தொலைபேசியில் பேசினேன். பரணையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் இன்னும் ஏழெட்டுக் காசுகள் கிடக்கின்றனவாம். “பொங்கலுக்கு நீ வர்றதுக்குள்ள அத்தையை விட்டு நல்லா விளக்கி வைக்கச் சொல்றேன்” என்றார். “மாமா, வேண்டாம்” என்று நான் போட்ட கூச்சலில் அறைத் தோழர் இருவரும் எழுந்துவிட்டார்கள். கரூருக்கு முன்பதிவு செய்தாயிற்று. கரூரில் அரசு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. டப்பாவை எடுத்துக்கொண்டு மாமாவையும் அங்கே அழைத்துப் போகப் போகிறேன்.